திரும்பி வருகிறவருக்கு வேலை எங்கே?

சிகிச்சை முடிந்து அலுவலகம் திரும்பிய பின் நான் மொழிபெயர்த்த முதல் தீர்மானத்தில் ஓர் எதிர்மறை காணாமற் போயிருந்தது. 'ஏற்கவில்லை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஏற்கிறது' என்று எழுதியிருந்தேன். இதழ் அச்சுக்குச் செல்லவிருந்த இரவில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த இளம் தோழர் ஒருவர் ஐயுற்று மூலத்தை எடுத்து ஒப்பிட்டார். அதனால் பிழை பிடிபட்டது. இல்லையென்றால், ஒரு மசோதாவை எதிர்த்து நாடெங்கும் இயக்கம் நடத்திக்கொண்டிருந்த கட்சி தன் தமிழ் ஏட்டில் மட்டும் அதனை ஆதரித்திருக்கும்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவருகிறேன். நான் பிழையே செய்ததில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட பிழையைச் செய்ததில்லை. மறுநாள் காலை பொறுப்புத் தோழரிடம் சென்று, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோழர், எந்த நேரத்தில் இந்தப் பக்கத்தைச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் என்றேன். "காலையில் செய்திருந்தால் இது நேர்ந்திருக்குமா?" என்றார். அதுவரை இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இரண்டு தவறுகள்

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, அதன்பின் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வீதம் ஆறு சுற்றுக் கீமோ, அதன்பின் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரக் கதிர்வீச்சு. தில்லியில் ஒரு பொது மருத்துவமனையில் எல்லாம் நடந்தன. நோய் போய்விட்டது என்று மருத்துவர்கள் சொன்ன நாளில் உடம்பு திரும்பி வந்துவிடவில்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியதால் வலக்கை வீங்கும். விரல் நுனிகளில் மரமரப்பு; விசைப்பலகையில் எந்த எழுத்தைத் தொடுகிறோம் என்பது சிலபோது தெரியாது. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் ஈயம் காய்ச்சி ஊற்றியது போன்ற அயர்ச்சி வரும். அது தூங்கினாலும் தீராது. இவற்றைவிட என்னை அச்சுறுத்தியது வேறொன்று. கைக்கெட்டிய சொற்கள் நழுவின. முதுகலையில் தமிழ் படித்து, சொல்லையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்திக்கு, 'முரண்பாடு' என்ற சொல் கால்மணி நேரம் நினைவுக்கு வரவில்லை என்றால் அது எத்தகைய கிலி என்பதை எழுதிக் காட்ட இயலாது. கீமோவுக்குப் பின் பலருக்கும் இந்த நினைவுத் தடுமாற்றம் உண்டு என்றும் பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லக் குறையும் என்றும் பிறகுதான் அறிந்தேன்.

நான் திரும்பியபோது தோழர்கள் காட்டிய அன்புக்குக் குறைவில்லை. "ஓய்வெடுங்கள் தோழர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். தீர்மானங்களும் அறிக்கைகளும் என் மேசைக்கு வருவது நின்றது. நினைவுநாள் குறிப்புகளும் வாழ்த்துச் செய்திகளும் மட்டும் வந்தன. இரண்டு மாதங்கள் இப்படிக் கழிந்தன. என்னைக் கேட்காமலேயே நான் எதற்கு உதவுவேன், எதற்கு உதவமாட்டேன் என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. இது முதல் தவறு. அன்பினால் செய்யப்பட்டாலும் ஒருவரிடமிருந்து வேலையைப் பறிப்பது பறிப்பதே.

இரண்டாவது தவறு என்னுடையது. அந்த ஒதுக்கத்தைத் தாங்கமாட்டாமல், "நான் முன்போலவே இருக்கிறேன், முன்போலவே கொடுங்கள்" என்று வாதாடி முழு வேலையையும் கேட்டு வாங்கினேன். முன்போல இல்லை என்பது எனக்குத் தெரியும். சொன்னால் மறுபடியும் ஓரங்கட்டிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மறைத்தேன். அந்த 'இல்லை' காணாமற் போனது இந்த மறைப்பினால்தான்.

நோயுற்றவரை முற்றிலும் செயலற்றவராகக் கருதுவது, அல்லது எதுவுமே நேராதவர்போல் நடத்துவது என்ற இரண்டைத்தான் நம் பணியிடங்கள் அறிந்திருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று உண்டு. வேலையை ஆளுக்குத் தக்கபடி திருத்தி அமைப்பது அது.

எங்கள் அலுவலகத்தில் அதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். கடினமான பகுதிகளைக் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை செய்வது. பிற்பகலில் ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, மெய்ப்புக்கும் கலைச்சொல் பட்டியலுக்கும் உட்காருவது. கை வீங்கும் நாளில் நான் வாயால் சொல்ல, இன்னொரு தோழர் தட்டச்சு செய்வார். அல்லது பேசினால் எழுதும் செயலியில் பேசுவேன். மூலத்தில் வரும் எண்களையும் எதிர்மறை வினைகளையும் தனித் தாளில் குறித்து, முடிந்தபின் ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்ப்பது. மருத்துவமனை செல்லும் நாள்கள் முன்கூட்டியே பட்டியலில் இருக்கும். அவை பணிநாள்களாகவே கொள்ளப்படும். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் செய்தவள் முதலில் ஐந்து செய்தேன். நான்கு மாதங்களில் எட்டு ஆயிற்று. இதற்கெல்லாம் ஆன செலவு, கைப்பிடி உயர்ந்த ஒரு நாற்காலி. எண்களையும் எதிர்மறைகளையும் இருவர் சரிபார்க்கும் வழக்கத்தை இப்போது எல்லோருடைய மொழிபெயர்ப்புக்கும் வைத்துக்கொண்டோம். நோயுற்ற ஒருத்திக்காகச் செய்த ஏற்பாடு அனைவருடைய பணியையும் மேம்படுத்தியது.

உடம்பும் சட்டையும்

என் கதையை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம், இது விதிவிலக்கு என்பதுதான். கதிர்வீச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பீகாரிலிருந்து வந்து நொய்டாவில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் ஒன்பதாண்டுகளாகத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர். எனக்கு வந்த அதே நோய், அதே அறுவை. என்னை 'தீதி' என்று அழைப்பார். அவருடைய இயந்திரத்தில் மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு உண்டு. வீங்கிய கையுடன் அந்தக் கணக்கை எட்ட முடியாது. செக்கிங் மேசைக்கு மாற்றுங்கள், துணியைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். லைன் சூப்பர்வைசர் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டினார். ஒப்பந்தக்காரர் ஆலையைக் கைகாட்டினார். கடைசியில், நூல் வெட்டும் வேலைக்கு உதவியாளர் கூலியில் வா, இல்லையென்றால் கை சரியானபின் வா என்று விடை வந்தது.

"தீதி, உடம்பு இளைத்தால் சட்டையைத்தானே பிடித்துத் தைக்கிறோம். இவர்கள் சட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, உடம்பைச் சரிசெய்துகொண்டு வா என்கிறார்கள்" என்றார் அவர்.

2016 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, அதைப் பற்றிய கட்டுரையை இந்த ஏட்டுக்கு மொழிபெயர்த்தவள் நான். அதில் 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்ற தொடரை 'நியாயமான இடவசதி' என்று எழுதினேன். ஏதோ தங்குவதற்கு அறை தருகிறார்கள் என்பதுபோல் ஆயிற்று. பிறகு 'தகவமைப்பு' என்று திருத்தினேன். அதுவும் நிறைவளிக்கவில்லை, யார் யாருக்குத் தக அமைவது என்பது அச்சொல்லில் இல்லை. தன்னை அமைத்துக்கொள்ள வேண்டியவர் தொழிலாளியே என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். நான் அகராதிகளில் தேடிக் கிடைக்காததைத் தையல் தொழிலாளி ஒருவர் வரிசையில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார். திருத்தப்பட வேண்டியது வேலை. தொழிலாளியின் உடம்பு அன்று.

சட்டம் எங்கே நிற்கிறது?

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர்களில் 1.9 லட்சத்துக்கும் அதிகமானோர் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள். கணிசமானோர் உழைக்கும் வயதினர். சிகிச்சை மேம்பட மேம்பட உயிர் பிழைப்போர் பெருகுகிறார்கள். இது மகிழத்தக்க செய்தி. ஆனால் பிழைத்தவர் எதைக் கொண்டு பிழைப்பார் என்ற கேள்விக்கு அரசிடம் விடை இல்லை. 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்பதாகச் சொல்கிறது. இழந்த கூலியில் ஒரு ரூபாயையும் அது ஏற்பதில்லை. சிகிச்சைக்காக வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்பது உண்மை. முதுமைக்கு வைத்த சோற்றை முன்கூட்டியே தின்பதற்குத் தரும் அனுமதிதான் அது.

தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம் சற்று மேலானது. 1948ஆம் ஆண்டின் அச்சட்டம் இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் மதிப்புமிக்க உடைமைகளுள் ஒன்று. நோயுற்ற காப்பீட்டாளருக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, நீட்டிக்கப்பட்ட பயனாக 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டுகள் வரை வழங்க வழியுண்டு. நோய்ப் பயன் பெறும் காலத்தில் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று அச்சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது.

ஆனால் இந்தக் கதவில் மூன்று பூட்டுகள் தொங்குகின்றன. முதலாவது, ஊதிய உச்சவரம்பு. 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக வைத்ததோடு சரி. தில்லி அரசு 2025 ஏப்ரலில் அறிவித்த குறைந்தபட்ச ஊதியமே திறன்பெற்ற தொழிலாளிக்கு 22,411 ரூபாய். அதாவது, தலைநகரில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை வாங்கும் ஒரு திறன்பெற்ற தொழிலாளி இந்தக் காப்பீட்டுக்குத் தகுதியற்ற 'வசதியானவர்'. இரண்டாவது, நீட்டிக்கப்பட்ட பயனுக்கு இரண்டாண்டுகள் தொடர்ந்து காப்பீட்டுக்குரிய வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. நொய்டாவின் அந்தத் தோழி ஒன்பதாண்டுகள் ஒரே ஆலையில், ஒரே கூரையின் கீழ் உழைத்தவர். ஆனால் ஒப்பந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பதிவேட்டில் இடைவெளிகள் விழுந்தன. காகிதத்தில் அவர் புதியவர். 91 நாளோடு அவருடைய பயன் முடிந்தது.

மூன்றாவது பூட்டைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, ஒருவர் வேலை செய்யும் நாளுக்கு நோய்ப் பயன் கிடையாது என்றது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் கீமோ முடிந்து வரும் ஒருவர் ஒரே நாளில் முழு நோயாளியாக இருந்து முழு உழைப்பாளியாக மாறுவதில்லை. முதல் மாதம் மூன்று மணி நேரம், அடுத்த மாதம் ஐந்து மணி நேரம் என்று படிப்படியாகத்தான் திரும்ப முடியும். நம் முறையிலோ, மருத்துவச் சான்றிதழுக்கு 'தகுதியில்லை', 'தகுதி' என்ற இரண்டு சொற்களே தெரியும். மூன்று மணி நேரம் வேலை செய்தால் அன்றைய பயன் முழுவதும் போகும். மூன்று மணி நேரத்துக்கான கூலி வீட்டு வாடகைக்கும் போதாது. எனவே தொழிலாளி ஒன்று வீட்டிலேயே கிடக்க வேண்டும், அல்லது உடம்பு ஒப்பாதபோதே முழு ஷிஃப்டுக்குப் போய் விழ வேண்டும். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்த பின்னரும் படிப்படியாகத் திரும்புவோருக்கென்று தனிப் பயன் எதுவும் உருவாகவில்லை.

இது தீர்க்க முடியாத சிக்கலன்று. ஜெர்மனியில் நீண்ட நோய்க்குப் பின் திரும்பும் தொழிலாளி மருத்துவரின் திட்டப்படி நாளுக்குச் சில மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். அக்காலத்தில் காப்பீட்டு நோய்ப்பணம் தொடரும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவரை ஊனமுற்றோருக்குரிய பாதுகாப்பின்கீழ் கொண்டுவருகிறது. பணியிடத்தில் தக்க மாறுதல்கள் செய்வது அங்கே முதலாளியின் கருணையன்று, கடமை. இவை சோசலிச நாடுகள் அல்ல. முதலாளித்துவத்துக்குள்ளேயே தொழிலாளர் இயக்கங்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு மரபிலிருந்து முளைத்தவை இவை.

பட்டியலில் இல்லாதவர்கள்

நம் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. புற்றுநோய் அதில் இல்லை. அச்சட்டத்தின் 20ஆவது பிரிவு, பணிக்காலத்தில் குறைபாட்டுக்கு உள்ளாகும் அரசு நிறுவன ஊழியரை நீக்கவோ தரம் குறைக்கவோ கூடாது என்கிறது. பழைய பணி ஒத்துவராவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். அருமையான பிரிவு. ஆனால் அரசு நிறுவனங்களோடு அது நின்றுவிடுகிறது. காலை இழந்த எலும்புப் புற்றுநோயாளி அதில் நுழையலாம். தாடை திறக்காத ஆசிரியர், கழிவுப் பையோடு வாழும் காவலாளி, வீங்கிய கையோடு திரும்பும் செவிலியர் ஆகியோர் விழுக்காட்டுக் கணக்குகளோடும் சான்றிதழ்களோடும் அலைய வேண்டும்.

ஆயினும் வழி முற்றும் அடைபட்டதன்று. அதே சட்டம் மாற்றுத்திறனாளி என்பதற்குத் தரும் பொது வரையறை விரிவானது. நீண்டகால உடற்குறையும் சமூகத் தடைகளும் சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுத்தால் போதும். குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி மறுக்கப்பட்ட, எழுதும் கை ஒத்துழைக்காத ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தந்த தீர்ப்பு, இந்த விரிந்த பொருளை உறுதிசெய்தது. 40 விழுக்காடு என்ற அளவுகோலை எட்டாதவருக்கும் தக்க ஏற்பாடு பெறும் உரிமை உண்டு என்றது.

தொழிற்சங்கத் தோழர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய இன்னொரு தீர்ப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நிறக்குருட்டால் பணியிழந்த ஓட்டுநர் ஒருவருக்கு மாற்றுப் பணி தரவும் நிலுவையில் 25 விழுக்காடு வழங்கவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நிறக்குருடும் அந்த 21இல் இல்லை. அவரைக் காத்தவற்றுள் முதன்மையானது, 1979இல் தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். அத்தகைய ஓட்டுநர்களுக்கு மாற்றுப் பணி தர வேண்டும் என்ற ஒரு விதியை அன்றைய தோழர்கள் அதில் எழுதிவைத்திருந்தார்கள். அதை எழுதியவர்களுள் பலர் இன்று உயிரோடு இருப்பார்களா என்பது ஐயமே. அவர்கள் எழுதிய விதி 46 ஆண்டுகள் கழித்து, அவர்கள் முகம் பார்த்திராத ஒரு தொழிலாளிக்கு வேலையைத் திரும்பப் பெற்றுத் தந்தது. சட்டப் பட்டியலில் இல்லாதது சங்க ஒப்பந்தத்தில் இருக்கலாம். நம் கையில் உள்ள மிக அண்மையான கருவி இதுவே.

எதிர்வாதங்கள்

சிறு முதலாளிகளால் இந்தச் சுமையைத் தாங்க முடியுமா என்று கேட்பார்கள். தாங்க வேண்டாம், அதற்காகத்தான் கூட்டுக் காப்பீடு. அந்த நிதிக்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து செலுத்திவந்த பங்கு ஊதியத்தில் 6.5 விழுக்காடாக இருந்தது. 2019 ஜூலையில் ஒன்றிய அரசு அதை 4 விழுக்காடாகக் குறைத்தது. முதலாளிகளின் பங்கு மட்டும் 4.75இலிருந்து 3.25 ஆயிற்று. சலுகை தரப் பணம் இருந்தது. புற்றுநோயிலிருந்து எழுந்து வருகிறவருக்கு அரைநாள் கூலி தரத்தான் பணம் இல்லையா?

புதிய தொழிலாளர் தொகுப்புகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் நிலை மேலும் நெருக்கடியாகிறது. குறித்த காலப் பணி என்பது எங்கும் பரவுகிறது. காலம் முடிந்து வெளியே அனுப்பினால் அது ஆட்குறைப்பே அன்று என்கிறது தொழிலுறவுத் தொகுப்பு. ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு எட்டு மாதச் சிகிச்சை வந்தால், யாரும் அவரை நீக்க வேண்டியதில்லை. புதுப்பிக்காமல் விட்டாலே போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி எழலாம். நோயுற்றவர் ஏன் வேலைக்குத் திரும்ப வேண்டும்? ஓய்வூதியம் கேட்பதல்லவா முற்போக்கு? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. உழைப்பே மருந்து, வேலைக்குப் போனால் மனம் தேறும் என்ற இனிய பேச்சின் பின்னால், நோயாளியை விரைந்து இயந்திரத்தின் முன் உட்கார வைக்கும் கணக்கு ஒளிந்திருக்கக் கூடும். எனவே நாம் கேட்பது இரட்டை உரிமை. திரும்ப விரும்புகிறவருக்கு அவருடைய உடம்புக்கேற்ற வேலை. திரும்ப இயலாதவருக்கு மானத்தோடு வாழ ஓய்வூதியம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் இயலாமைக்கான ஓய்வூதியம் நிரந்தரமாக, முற்றிலும் இயலாதவருக்கே உண்டு; 2014 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் 'ஓய்வா, வேலையா' என்று சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்று இல்லாதபோது மற்றொன்று உரிமையாக இராது, கட்டாயமாகிவிடும்.

பெண்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. ஊதியம் தரும் வேலையிலிருந்து நோய் விடுப்பு கிடைத்தாலும் அடுப்படியிலிருந்து கிடைப்பதில்லை. கதிர்வீச்சு முடிந்து மூன்று பேருந்து மாறி வீடு சேர்ந்து ரொட்டி சுட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அந்தத் தோழி எழுந்து போவார். ஆலையில் வேலையை மாற்றி அமைக்கச் சொல்லும் நாம், நம் வீடுகளிலும் அதை மாற்றி அமைத்தோமா என்று ஆண் தோழர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டியவை

நோய் கண்டறியப்பட்ட நாள் முதல், தனியார் துறை உட்பட அனைத்துப் பணியிடங்களிலும், புற்றுநோயாளிகளுக்கு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பணிப் பாதுகாப்பு பொருந்தும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். காப்பீட்டின் ஊதிய உச்சவரம்பு உயர்த்தப்பட வேண்டும். நீண்டகால நோய்களுக்கு இரண்டாண்டுத் தொடர் பணி என்ற நிபந்தனை நீக்கப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் ஆலை மாறாதவரை அது தொடர் பணியே. படிப்படியாகத் திரும்பும் காலத்தில், வேலை செய்யாத மணிநேரத்துக்கு நோய்ப் பயன் தொடர வேண்டும். சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது வேலைநீக்கமாகக் கருதப்பட வேண்டும்.

காப்பீடு எதுவும் எட்டாத பெருங்கூட்டத்தை மறந்து இந்தப் பட்டியலை முடிக்க முடியாது. இந்திய உழைப்பாளர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் முறைசாராப் பணிகளில் இருக்கிறார்கள். சித்தாளுக்கும் வீட்டுப் பணியாளருக்கும் தெருவோர வணிகருக்கும் செயலிவழி உணவு சுமக்கும் இளைஞருக்கும் வேலையை மாற்றித் தருமாறு கேட்பதற்கு முதலாளி என்று ஒருவர் முகம் காட்டுவதே இல்லை. நல வாரியங்கள் வழியாக அவர்களுக்குச் சிகிச்சைக்கால வருவாய் இழப்பீட்டை அரசே வழங்க வேண்டும்.

இவை ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியவை, காலம் பிடிக்கும். காலம் பிடிக்காத வேலை ஒன்றும் இருக்கிறது. அடுத்து எந்த ஆலையில், எந்தக் கழகத்தில் ஊதிய ஒப்பந்தம் பேச உட்கார்ந்தாலும், நீண்ட நோயிலிருந்து திரும்புவோருக்கு ஊதியக் குறைப்பின்றி மாற்றுப் பணியும் குறைந்த மணி நேரமும் தர வேண்டும் என்ற ஒரு விதியை நம் சங்கங்கள் எழுதிவைக்க வேண்டும். ஊதிய உயர்வு விழுக்காட்டைப் பேசி முடிக்கும்போது நள்ளிரவாகிவிடும், மற்றவை பிறகு பார்க்கலாம் என்று தோன்றும் என்பதை அறிவேன். 1979இல் கையெழுத்திட்டவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கட்சி அலுவலகங்கள், சங்க அலுவலகங்கள், நம் ஏடுகள் ஆகியவற்றிலும் இது எழுத்தில் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு நல்ல தோழரின் ஒரு நல்ல கேள்வி. வேறொரு மாநிலத்தில், வேறொரு அலுவலகத்தில் நோயிலிருந்து திரும்பும் ஒரு முழுநேர ஊழியருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருப்பாரா என்பது தற்செயலாக இருக்கக் கூடாது. முதலாளியிடம் உரிமையாகக் கேட்பதை நம் வீட்டில் கருணையாக வைத்துக்கொள்வது முறையன்று.

கதிர்வீச்சின் கடைசி நாளுக்குப் பின் அந்தத் தோழியை நான் காணவில்லை. நூல் வெட்டும் வேலைக்குப் போனாரா, ஊருக்கே திரும்பினாரா, தெரியாது. இந்தக் கட்டுரையை ஒரு பிற்பகலும் தொடாமல், பதினொரு காலைகளில் எழுதினேன். எதிர்மறைகளை ஒரு தோழர் தனித் தாளில் சரிபார்த்தார். எனக்கு இருந்த இந்த வசதி அவருக்கும் இருந்திருந்தால், ஒன்பதாண்டுத் தேர்ச்சி பெற்ற அந்தக் கைகள் இன்றும் நொய்டாவின் அந்த ஆலையில் ஏதேனும் ஒரு மேசையில் முழுக் கூலிக்கு உழைத்துக்கொண்டிருக்கும்.